இருபது வருட அனுபவம் என்கிறார் குடியேற்ற வழக்கறிஞர்: எதை வைத்து நம்புவது?

கேள்வி: மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறான். கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கித் தருவதாக ஒரு வழக்கறிஞர் நாலு லட்சம் கேட்கிறார். விசிட்டிங் கார்டில் ‘20 வருட அனுபவம்’ என்று போட்டிருக்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வருடக் கணக்கைத் தள்ளி வையுங்கள். எந்த நாட்டு லைசென்ஸ் என்று முதலில் கேளுங்கள்.

கனடா குடியேற்றச் சட்டத்தின் 91ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு பிஆர் விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்ல எல்லோருக்கும் உரிமை கிடையாது. அந்நாட்டு மாகாண லா சொசைட்டி (வழக்கறிஞர் அமைப்பு) உறுப்பினர், கியூபெக் நோட்டரி, குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் ‘காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்’ அமைப்பின் லைசென்ஸ் பெற்றவர் ஆகியோருக்கு மட்டுமே உண்டு. கிருஷ்ணகிரி கோர்ட்டில் எவ்வளவு பெயர் வாங்கிய வக்கீலானாலும் நம் ஊர் பார் கவுன்சில் பதிவு மட்டும் இதற்குப் போதாது. அபிடவிட் தயாரிப்பது போன்ற வேலைகளுக்கு அவரிடம் தாராளமாகப் போகலாம்.

ஆனாலும் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணின் கடைசியில் ஆண்டு இருக்கும். அது 2015 என்றிருந்தால் இருபது வருடக் கணக்கு உதைக்கிறது.

வழக்கறிஞர் அல்ல, கன்சல்டன்ட் என்றால் ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். காலேஜின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, இடைநீக்கம் ஆகியிருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பது தெரிந்துவிடும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்தவர் எண்ணைக் காட்டி ஏமாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் பதிவேட்டில் உள்ள தொடர்பு முகவரிக்கே எழுதி, ‘இந்த அலுவலகம் உங்களுடையதா?’ என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

உண்மையான அனுபவம் முதல் சந்திப்பிலேயே தெரியும். விஷயம் தெரிந்தவர் பணத்தைப் பற்றிப் பேசுமுன் மகனின் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், டிப்ளமோவுக்கான கல்வி மதிப்பீட்டு அறிக்கை, கம்பெனி தரும் அனுபவக் கடிதத்தில் என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் துருவுவார். பல விண்ணப்பங்கள் அடிபடுவது இந்தக் கடிதத்தில்தான். பதவிப் பெயர் மட்டும் இருந்து வேலை விவரம் இல்லாவிட்டால் அந்த அனுபவத்தை அதிகாரி கணக்கில் எடுக்காமல் விடலாம். ‘லெட்டரை நாங்களே ரெடி பண்ணிக்கிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை விழும். அது உங்கள் மகன் தலையில்தான் விழும், தயாரித்துக் கொடுத்தவர் தலையில் அல்ல.

பிரதிநிதி வைத்தால் ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயரும் உறுப்பினர் எண்ணும் வர வேண்டும். ‘என் பெயர் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்’ என்பவருக்கு லைசென்ஸ் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிஆர் உறுதி என்று யார் வாக்குக் கொடுத்தாலும் அது பொய். முடிவு கனடா அரசின் கையில்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். என்ன வேலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஃபீஸ், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அரசுக் கட்டணத்தைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பணம் வங்கி வழியாகப் போகட்டும், ரொக்கம் வேண்டாம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் மார்க்‌ஷீட்டும் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும், ஸ்கேன் காப்பி போதும்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்து, இப்போது போனை எடுக்கவில்லை என்றால், வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல், விசிட்டிங் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வாருங்கள்.