சமையல் மேடைச் சுவருக்குப் பழைய தேக்குப் பலகை பதிக்கலாமா?

கேள்வி: ஆற்காட்டில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டை (மரச் சரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) பிரித்ததில், கூரையைத் தாங்கிய நல்ல தேக்குச் சரங்கள் கிடைத்தன. அவற்றைப் பலகையாக அறுத்து, வேலூர் சத்துவாச்சாரி வீட்டுச் சமையல் மேடைக்கு மேல் உள்ள டைல்ஸ் மீது பதிக்க ஆசை. மேடை 10 அடி நீளம். மேடைக்கும் மேல் கப்போர்டுக்கும் நடுவே 2 அடி. ஆசாரி தாராளமாகச் செய்யலாம் என்கிறார், மேஸ்திரி வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரைப் பொறுத்தவரை மேஸ்திரி சொல்வதுதான் சரி. மற்ற இடத்தில் ஆசாரியை நம்பிச் செய்யலாம்.

மேடை 2 அடி ஆழம் என்றால் அடுப்பின் பின்விளிம்பு சுவரிலிருந்து நாலைந்து இஞ்சுதான் தள்ளியிருக்கும். பெரிய வாணலியோ இட்லிக் குண்டானோ வைத்தால் தீ பக்கவாட்டில் விரிந்து சுவரைத் தொடும். மரம் தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் அடுப்பில் அவ்வளவு சூடு சுவருக்குப் போகாது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தினமும் சூடேறும் மரம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே வரும். அப்படிக் கருகிய மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். மரத்தைப் பதித்துவிட்டு மேலே ஸ்டீல் தகடு ஒட்டுவதும் தீர்வாகாது. தகடு சூட்டை அப்படியே பின்னால் இருக்கும் மரத்துக்குக் கடத்தும்.

அதனால் அடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் 9 இஞ்சு சேர்த்து, மேடையிலிருந்து சிம்னி வரை மரமே வேண்டாம். மூன்று பர்னர் அடுப்புக்கு இது ஏறக்குறைய 4 அடி. இருக்கிற டைல்ஸை அப்படியே விடலாம். மேடைக் கிரானைட்டில் மீதித் துண்டு இருந்தால் அதையே நிறுத்தினால் தேக்கின் பக்கத்தில் இன்னும் எடுப்பாக இருக்கும். 8 மிமீ டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி போடுவதானால் பிளக் துளைகளை முன்கூட்டியே அளந்து கொடுத்துவிடுங்கள், டஃபன் செய்த பிறகு அதை வெட்ட முடியாது.

மிச்சம் 6 அடி. இங்கே கவலை தண்ணீரைப் பற்றித்தான். பலகையின் முகத்துக்கு நாலு கோட்டிங் அடித்துவிட்டு முதுகைப் பச்சையாக விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வேலூர் வெயிலில் மே மாதம் காய்ந்து சுருங்கும் மரம், ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தை முதுகு வழியாக மட்டும் உறிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் ஊறினால் பலகை வளையும். ஆறு பக்கமும் அடைத்தே பொருத்த வேண்டும்.

சரத்தை மில்லுக்கு அனுப்புமுன் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு காந்தத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு ஆணி ரம்பத்தையே கெடுத்துவிடும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தேய்த்த தூள் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. அந்த மேல்தோலை மில்லிலேயே அறுத்துக் கழித்துவிடுங்கள். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெள்ளைக்கட்டையில்தான் உளு விழும். ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் கண்டால் அந்தத் துண்டு வேண்டாம். நூறாண்டு காய்ந்த தேக்கு, இன்று கடையில் வாங்கும் பச்சை மரத்தைவிட எவ்வளவோ மேல். இதை விறகுக்கடைக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே பாராட்ட வேண்டும்.

4 × 2½ இஞ்சுச் சரத்தில் 6 நூல் (முக்கால் இஞ்சு) கனத்தில் மூன்று பலகை தேறும். இழைத்தபின் 4 நூல், அதாவது அரை இஞ்சு நிற்கும். ஓரங்களில் 2 நூலுக்குப் பாதி வெட்டு எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி செய்யச் சொல்லுங்கள். இழைப்புக்கும் வெட்டுக்கும் போக ஒரு பலகை மூன்றரை இஞ்சு இடத்தை மூடும். 6 அடிக்கு 21 பலகை. 24 ஆக வெட்டிவையுங்கள். அதற்கு 16 அடிச் சரம் போதும், கழிவுக்கும் சேர்த்து 20 அடி ஒதுக்குங்கள்.

பலகையைப் படுக்கை வசத்தில் வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெயும் தூசியும் தங்கும். நிற்கவையுங்கள். நிற்கும் பலகையின் கீழ்முனை தண்ணீரைக் குடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக மேடையை ஒட்டி 4 இஞ்சு உயரத்துக்குக் கிரானைட் பட்டை கொடுத்து, அதற்குமேல் 2 நூல் இடைவெளி விட்டு மரத்தைத் தொடங்குங்கள். கீழ்முனைக்கு மட்டும் சீலரை (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) மூன்று முறை ஊறவிடுங்கள். சிங்க்குக்கு நேர் பின்னால் கிரானைட்டை 8 இஞ்சு வரை ஏற்றுவது நல்லது.

பூச்சுக்கு இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்தான். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் சூடும் ஈரமும் தாங்காது, வெள்ளை பூக்கும். எல்லாப் பக்கமும் இரண்டு கை சீலர். நடுவில் 320 நம்பர் உப்புத்தாளால் தேய்ப்பு. முகத்துக்கு மேலும் இரண்டு கை மேல்பூச்சு. கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடிதான், கண்ணளவில் கலந்தால் பிசுபிசுப்பு போகாது. ஒரு லிட்டர் சீலர், அரை லிட்டர் மேல்பூச்சு தாராளம்.

பொருத்துமுன் சுவரில் ஓதம் உண்டா என்று பாருங்கள். டைல்ஸ் மேல் சோதித்துப் பயனில்லை. சுவரின் மறுபக்கப் பூச்சில் 2 அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்தால் முதலில் அந்த ஈரத்தை நிறுத்த வேண்டும், மரவேலை அப்புறம்தான்.

டைல்ஸைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தைக் கழற்றிப் பூசிவிடுங்கள். பலகையைத் தாங்க மர ரீப்பர் (மெல்லிய சட்டம்) வேண்டாம், கரையானுக்கு அதுதான் வாசல். அரை இஞ்சு அலுமினியக் குழாயை மேலும் கீழும் படுக்கையாக இரண்டு வரிசை, 16 இஞ்சுக்கு ஒரு ஸ்குரூ. டைல்ஸில் துளை போடும்போது ஓடு தாண்டும்வரை டிரில்லின் ஹாமரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரத்தில் மட்டும் ஸ்குரூ. மறு ஓரத்தை அடுத்த பலகையின் வெட்டு பிடித்துக்கொள்ளும். பலகைகளுக்கு நடுவே ஒரு மிமீ விடுங்கள். தேக்கு அதிகம் அசையாத மரம்தான், ஆனாலும் வெயிலுக்கும் மழைக்கும் இடையே 6 அடியில் மொத்தமாக அரை இஞ்சு வரைகூட நீளலாம். இடம் இல்லாவிட்டால் நடுவில் உப்பும். கீழ் இடைவெளியில் சிலிக்கான். மேல் இடுக்கில் மெல்லிய ஸ்டீல் வலை வைத்தால் காற்று போகும், கரப்பான் நுழையாது.

சுவர் ஓர் இஞ்சு முன்னால் வருவதால் சுவிட்ச் பாக்ஸையும் அவ்வளவு முன்னால் கொண்டுவர வேண்டும். நீள ஸ்குரூ போட்டுத் தகட்டை மட்டும் இழுத்துவைப்பது ஆபத்து. ஒயர் முனைக்கும் மரத்துக்கும் நடுவே பாக்ஸ் சுவர் இல்லாமல் போகும். மெயினை அணைத்து எலக்ட்ரீசியன் செய்யட்டும். கேஸ் டியூபை எக்காரணம் கொண்டும் பலகைக்குப் பின்னால் விடாதீர்கள், அது கண்ணுக்குத் தெரிந்தபடியே போக வேண்டும்.

பராமரிப்புக்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. சமைத்து முடித்த கையோடு வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். போர்த் தண்ணீரைக் காயவிட்டால் உப்புத் திட்டு நிற்கும். ஸ்டீல் நாரும் பச்சைத் தேய்ப்பானும் பட்டால் பியூ கீறும், கீறலுக்குள் மஞ்சள் ஏறினால் போகாது. சிங்க் பக்கத்துப் பலகைகளில் மேல்பூச்சு மங்கத் தொடங்கியதும் லேசாகத் தேய்த்து ஒரு கை புதிதாக அடித்துவிடுங்கள். மரம் கறுக்கும்வரை விட்டால் பலகையையே மாற்ற வேண்டிவரும். கூடுதலாக வெட்டிய மூன்று பலகைகளையும் பாலிஷ் செய்தே பரணில் வைத்திருங்கள்.