பாணியில் செய்த இரத்தம்

அன்பின் ஐயாவுக்கு,

மலிவுச் செலவில் எடுக்கப்பட்ட பழைய இரத்தப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சென்ற போயா விடுமுறையன்று ‘ஈவில் டெட்’ படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன். மண்வெட்டியால் தலை துண்டிக்கப்படும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஆடியில் அவர் இதே கொழும்பில் 16 வயதுப் பையன். இன்று கணினியில் வரைந்து வரும் படங்களில் இதைவிடப் பல மடங்கு இரத்தம் ஓடுகிறது. அவை எனக்கு அலுப்பூட்டுகின்றன. இந்தப் பழைய பொய் இரத்தம் மட்டும் பிடித்திருக்கிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது? நான் சிரித்தது தவறா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்பின் வாசகிக்கு,

இரண்டாவது கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதற் கேள்விக்கான விடை பெரும்பாலும் சமையலறையில் இருக்கிறது. நீங்கள் பார்த்த படத்தின் இரத்தம் சோளப் பாணியும் (பாகும்), உணவுக்கு இடும் சிவப்புச் சாயமும், கோப்பியில் பாலுக்குப் பதிலாகக் கலக்கும் வெண்தூளும் சேர்ந்தது. நம்மவர்கள் எடுத்திருந்தால் சீனிப் பாணியில் காய்ச்சியிருப்பார்கள்; கித்துள் பாணி நிறத்தில் கறுப்பு, விலையும் கட்டாது. இயக்குநர் சாம் ரைமிக்கு அப்போது 20 வயது. டெட்ரோய்ட் பக்கத்துப் பல்வைத்தியர்கள், சட்டத்தரணிகள் போன்றவர்களிடம் ஒரு மாதிரிக் குறும்படத்தைக் காட்டிப் பணம் திரட்டிக்கொண்டு, 1979ஆம் ஆண்டின் கடைசியில் நண்பர்களோடு ரெனசி மாநிலத்தில் மொறிஸ்ரவுனுக்கு அருகே பாழடைந்து கிடந்த ஒரு மரவீட்டுக்குப் போனார். கமராவை நகர்த்துவதற்குத் தண்டவாளமும் வண்டியும் எடுக்க வசதியில்லாததால், அதை ஒரு பலகையின் நடுவில் பூட்டி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மரங்களுக்கிடையே தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வீட்டை நோக்கி வரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பேய், குளிரில் மூச்சிரைக்க ஓடிய இரண்டு மனிதர்தான். கதாநாயகனாக நடித்த புரூஸ் கம்பலின் சட்டையில் பாணி காய்ந்து இறுகி, மறுபடி அணிய முற்பட்டபோது அது உடைந்ததாம். படப்பிடிப்பு நீண்டதில் நடிகர்கள் பலர் பாதியில் ஊருக்குப் போய்விட, அவர்களுடைய கைகால்களுக்கு மட்டும் வேறு ஆட்களை நிறுத்தி மீதியை முடித்தார்கள். இறுதியில் உடல்கள் அழுகிக் கரையும் காட்சிக்கு மட்டும் களிமண்ணை அங்குலம் அங்குலமாக அசைத்து, ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடித்து, மாதக்கணக்காக உழைத்திருக்கிறார்கள்.

இந்த விபரங்களெல்லாம் தெரியாமலே நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். என்றாலும் உங்கள் கண்ணுக்கு அவை தெரிந்திருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். வெட்டுப்படும் கழுத்து இறப்பரால் ஆனது என்பதும், அதன் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குந்தியிருக்கிறார் என்பதும் திரையிலேயே தெரிகிறது. கதையில் ஒருத்தி சாகிறாள். அதே கணத்தில், கையில் காசில்லாத சில இளைஞர்கள் ஒரு வித்தையை எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். கோயில் திருவிழாவில் கூத்துப் பார்க்கிறவருக்கு அரக்கனின் முகத்தில் பூசிய பச்சையும் தெரியும், அரக்கனும் தெரிவான். ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. கணினி இரத்தத்தில் இந்த இரண்டாவது நாடகம் இல்லை. அதைச் செய்வதற்கும் பலர் கண்விழித்து உழைக்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த உழைப்பின் தடம் படத்தில் எஞ்சாதபடி அழித்துவிடுவதே அந்தத் தொழிலின் திறமை.

இந்த இரத்தப் பட வகையைத் தொடக்கிவைத்தவர் என ஹேர்ஷல் கோர்டன் லூயிஸைச் சொல்வது வழக்கம். ஒருகாலத்தில் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். பெரிய ஸ்ரூடியோக்கள் தொடத் துணியாத பொருள் எது என்று வியாபாரியாக யோசித்து, 1963இல் சுமார் 24,500 டொலர் செலவில், மயாமியில் ‘பிளட் பீஸ்ட்’ படத்தை எடுத்தார். அதுவரை நாடகத்துக்கென விற்ற செயற்கை இரத்தம் வண்ணப் படத்தில் ஊதாவாகத் தெரிந்ததால் தனியாகச் செய்விக்க வேண்டியிருந்தது. பிடுங்கப்படும் நாக்கு ஓர் ஆட்டுடையது. தன் படம் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதையைப் போன்றது, இரண்டுமே நல்லவையல்ல, ஆனால் அந்தந்த வகையில் முதலாவது என்று அவரே சொல்லிவைத்தார். விட்மனைப் பற்றிய பாதியை விட்டுவிட்டால் அந்தக் கணிப்பு சரியானது.

ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் ‘நைட் ஒப் த லிவிங் டெட்’ படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது சொக்கலேற் பாணியே இரத்தமாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து அவர் வண்ணத்தில் எடுத்த ‘டோன் ஒப் த டெட்’ படத்துக்குக் காயங்களையும் சடலங்களையும் வடிவமைத்தவர் ரொம் சவினி. வியட்நாம் போரில் இராணுவத்தின் புகைப்படக்காரராக இருந்து மெய்யான சடலங்களைக் கமராவின் வழியே பார்த்தவர். அந்தப் படத்தில் இரத்தம் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக, சுவருக்குப் பூசும் நிறத்தைப் போல இருக்கிறது. சவினிக்கு அது உவப்பாக இல்லை. சித்திரக்கதையின் சாயல் வருகிறது என்று ரொமேரோ அதை விரும்பினார். நான் ரொமேரோவின் பக்கம். ஆனால் சவினி ஏன் நெளிந்தார் என்பதும் எனக்கு விளங்குகிறது.

எண்பதுகளின் நடுவில் கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் ‘டெக்’ வாடகைக்கு எடுப்பார்கள். கூடவே நான்கு கசெற்றுகள். மூன்று தமிழ்ப் படம், நாலாவது எங்களைப் போன்ற விடலைகளுக்கு. அது கொப்பியின் கொப்பியின் கொப்பியாக இருக்கும். வீ.எச்.எஸ். நாடாவில் ஒளியின் விபரத்துக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பங்குதான் நிறத்துக்குக் கிடைக்கிறது. அதனால் அடர்ந்த சிவப்பு தன் விளிம்பைத் தாண்டிப் பக்கத்தில் வழியும், ஒவ்வொரு கொப்பிக்கும் அது இன்னும் கூடும். எங்கள் திரையில் இரத்தம் காயத்தில் மட்டுமல்லாமல் சட்டையில், கதவில், சில வேளை வானத்திலும் கசிந்தது. இயக்குநர் கேட்காத இரத்தத்தை நாடாவே ஊற்றிக்கொடுத்தது. சுத்தப்படுத்திய இன்றைய பிரதிகளில் இறப்பரின் மடிப்புவரை தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அந்தக் கசிவு இல்லாதது ஒரு குறைதான்.

உங்கள் சிரிப்புக்கு வருகிறேன். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உணர்ச்சி வெளிப்பாடுகளில்) நகை, இளிவரல், அச்சம் மூன்றும் இந்தப் படங்களில் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. அச்சம் பிறக்கும் இடங்களில் முதலாவதாக வருவது அணங்கு, அதாவது வருத்தும் தெய்வமும் பேயும். இளிவரலோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது. அழுகும் உடலைக் காணும்போது வரும் அருவருப்புக்கு இந்தப் பட்டியல் நன்றாகவே பொருந்தும். நகைக்குச் சொல்லப்படுபவை எள்ளல், இளமை, பேதைமை, மடன். கதவு தானாகத் திறந்த நிலவறைக்குள் விளக்கோடு இறங்கும் மாணவனின் பேதைமையும், அதைப் படமெடுத்தவர்களின் இளமையும் நகைக்குப் போதாதா? தமிழுக்கு இது புதிதுமல்ல. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதியைப் படித்துப் பாருங்கள்: இறந்த வீரரின் பற்களே அரிசி, போர் முரசே உரல், யானைக் கொம்பே உலக்கை. குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வரிசையாக அழைத்துப் பரிமாறும்போது, அவ்வளவு குருதிக்கும் நிணத்துக்கும் நடுவில் சிரிக்காமல் கடப்பது கடினம்.

எல்லை எனக்கும் உண்டு. 1980இல் வந்த இத்தாலியப் படமான ‘கனிபல் ஹோலோகோஸ்ட்’, நடிகர்களை மெய்யாகவே கொன்றுவிட்டார்களோ என்ற ஐயத்தை எழுப்பி, அவர்கள் உயிரோடு இருப்பதை இயக்குநர் நிரூபிக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது. நடிகர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் படத்தில் வரும் பெரிய ஆமையை மெய்யாகவே கொன்றார்கள். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன், பிறகு ஒருபோதும் தொடரவில்லை. பிரிட்டனில் எண்பதுகளில் அரச வழக்குத் தொடுநர் தயாரித்த 72 வீடியோப் படங்களின் பட்டியலில் அந்தப் படமும் ‘ஈவில் டெட்’டும் இடம்பெற்றன. பாணிக்கும் இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் சிரித்தது தவறல்ல. உங்கள் அப்பா எழுந்து போனதும் படத்தைப் பற்றிய தீர்ப்பல்ல; பொய் இரத்தம் மெய்யைப் போல இல்லை என்று எனக்கு விளக்கத் தெரிகிறது, ஆனால் அந்த விளக்கத்தால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் சித்தப்பாவும் அந்த ஆடியைக் கண்டவர். அவர் ஒவ்வொரு கசெற்றையும் கடைசிவரை பார்த்து, எங்களைவிட உரக்கச் சிரித்தார். சித்தி அந்த நேரத்தில் குசினியை விட்டு வெளியே வரமாட்டார். இருவரிடமும் நாங்கள் ஏனென்று கேட்டதில்லை. அடுத்த முறை அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் போடுங்கள். அவராகக் கேட்டால் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் வார இறுதிகளில் மட்டும் கூடி, நான்கு ஆண்டுகளாக எடுத்து 1987இல் வெளியிட்ட ‘பாட் டேஸ்ட்’ படத்தைப் பாருங்கள். அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளை அவர் தன் அம்மாவின் கேக் அடுப்பில் வைத்துத்தான் சுட்டார். ‘பிளட் பீஸ்ட்’ படத்துக்கு அவசரப்பட வேண்டாம். 67 நிமிடம்தான் ஓடுகிறது. என்றாலும் அது மிக நீளமான படம்.

அன்புடன்.