டபுள் கிளிக் பண்ணா கேம் ஓடணும்!

கேள்வி (காரைக்குடி வாசகர்): அண்ணே, ஆயா வீட்டு கம்ப்யூட்டர்ல பிள்ளைக லீவுக்கு வந்தா ஆடட்டும்னு கேம்பாய் அட்வான்ஸ் (கையில வச்சு ஆடுற பழைய நின்டெண்டோ மெஷின்) கேம் போட்டு வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அத கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர் சாஃப்ட்வேரத் திறந்து ஃபோல்டர் ஃபோல்டரா தேட வேண்டியிருக்கு. கேம் ஃபைலையே தட்டினா ஓடாதா?

பதில்: ஓடும் தம்பி. விண்டோஸ் தானே? .ஜிபிஏ ஃபைல் மேல ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப் போங்க, லிஸ்ட்ல எம்ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டர்) இல்லன்னா அதோட எக்ஸ்இ ஃபைல் எங்க இருக்கோ அதத் தேடிக் காட்டி ஆல்வேஸ் குடுத்துருங்க, அம்புட்டுத்தான். ஆனா ஜிப், ஐஎஸ்ஓ, பின் (.bin) ஃபைல மட்டும் இப்படி எமுலேட்டரோட சேத்துராதீக, பல விஷயத்துக்கு அதே பேருதான் வரும். பின்ங்கிறது சேகா மெகா டிரைவ் கேமுக்கும் வரும், பிளேஸ்டேஷன் டிஸ்க்குக்கும் வரும், வளவுல நின்னு பழனியப்பான்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்பிப் பாக்குற கதைதான். பிளேஸ்டேஷன் கேமுக்கு பின் கூடவே வர்ற கியூ (.cue) ஃபைல பிளேஸ்டேஷன் எமுலேட்டரோட சேத்து விடுங்க. பல மெஷின் கேமையும் ஓட்டுற ரெட்ரோஆர்ச்னா வெறுமனே இப்படிச் சேத்தா போதாது, எந்தக் கோர்னு (அதுக்குள்ள இருக்குற தனித்தனி எமுலேட்டர்) அதுக்குத் தெரியாதுல்ல, அதத் திறக்குற கமாண்ட்ல மைனஸ் எல் (-L) போட்டு கோர் பேரச் சொல்லணும், எனக்கென்னமோ உங்களுக்கு அந்தத் தொல்லையே வேணாம்னு தோணுது. முக்கியமா, எமுலேட்டர டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்து நிரந்தரமா ஒரு எடத்துக்கு மாத்திட்டு அப்புறமா இதச் செய்யுங்க, பின்னாடி நகத்துனா இணைப்பு அந்துரும்.