64 ஜிபி பென் டிரைவில் 58 தான் காட்டுகிறது, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி இதுதான்: கடையில் 64 ஜிபி என்று சொல்லி வாங்கிய பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் 58 சொச்சம் காட்டுகிறது, மீதி எங்கே போனது, இது போலியா, அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது.

வேலூர் சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்பதால் மனு டைப் அடிக்க வருகிறவர்கள் பாதி, புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரும் காலேஜ் பிள்ளைகள் பாதி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பென் டிரைவாவது என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். அதனால் இந்த விஷயத்தில் என் அனுபவம் என்பது பாதி என்னுடையது, பாதி கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டவர்களுடையது.

முதலில் உங்கள் 58. அது சரிதான், யாரும் ஏமாற்றவில்லை. டிரைவ் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 6,400 கோடி பைட்டை 64 ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 1,024 கணக்கில் போகிறது, அதற்கு ஒரு ஜிபி என்பது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். அதிலும் கொஞ்சத்தை டிரைவ் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் ஆயிரம் கிராமை ஒரு கிலோ என்கிறார், வீட்டுத் தராசு 1,024 கிராம் இருந்தால்தான் கிலோ என்று அடம்பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிள் கம்ப்யூட்டரில் செருகினால் ஏறக்குறைய 64க்குப் பக்கத்திலேயே காட்டும், ஏனென்றால் அவர்களும் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டார்கள்.

ஆனால் 58 காட்டுவதால் மட்டுமே அது அசல் என்று ஆகிவிடாது. போலி டிரைவும் அதே 58 ஐ அழகாகக் காட்டும். இதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நடைபாதையில் துண்டு விரித்து விற்றவரிடம் 128 ஜிபி பென் டிரைவ் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினார். நானூறு சொன்னதை இருநூற்று ஐம்பதுக்கு அடித்து வாங்கியதாக வேறு பெருமை. அட்டை, எழுத்து, ஹாலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் பெரிய கம்பெனி மாதிரியே இருந்தது. பிள்ளைக்குக் காது குத்திய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் போனிலிருந்து அதற்கு மாற்றிவிட்டு, போனில் இடம் இல்லை என்று அங்கே அழித்தும் விட்டார். மூன்று வாரம் கழித்து எனக்கு போன். "மச்சான், பேரெல்லாம் கீது, தொறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது."

பேரெல்லாம் இருக்கும். அதுதான் இந்தப் போலியின் சூட்சுமமே. எந்த ஃபைல், என்ன பெயர், எவ்வளவு பெரியது என்ற பட்டியல் டிரைவின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படுகிறது, அந்தப் பகுதி உண்மையிலேயே இருக்கிறது. டிரைவுக்குள் இருந்து அதை நடத்தும் கன்ட்ரோலர் என்ற சிப்பின் மென்பொருளை மாற்றி, 8 ஜிபி சிப்பை 128 என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வைத்திருப்பார்கள். முதல் 8 ஜிபி ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் அனுப்புவது சிலவற்றில் காற்றோடு போகும், சிலவற்றில் சுற்றி வந்து பழைய ஃபைல் மேலேயே ஏறி அதையும் கெடுக்கும். காப்பி ஆகும்போது பச்சைக் கோடு கடைசி வரை ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. மொய் நோட்டில் பேரும் தொகையும் வரிசையாக இருக்கிறது, பெட்டியைத் திறந்தால் முதல் நாலு பேர் கவர் மட்டும்தான் இருக்கிறது, அந்த மாதிரி.

டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், 7.3 ஜிபிதான் தேறியது. அப்புறம் கோபத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பித் திறந்தேன். உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதன் மேல் ஹாட் குளூ வைத்து ஒட்டிய ஒரு மெமரி கார்டு, சுண்டுவிரல் நகம் அளவு, எழுத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. யாருடைய பழைய போனில் இருந்த கார்டோ. காதுகுத்துப் படங்களில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, அது நசுக்கிச் சின்னதாக்கிய இருபது முப்பதுதான் இப்போது மிச்சம். தங்கச்சி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், அவரிடம் இல்லை, என்னிடம்: "கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கற அண்ணன் இருந்தும்..."

நெட்டில் 2 டிபி, அதாவது 2,000 ஜிபி, பென் டிரைவ் அறுநூறு, எழுநூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அதுவும் இதே கதைதான். 2 டிபி பென் டிரைவ் என்று ஒன்று நிஜமாகவே உண்டு, கிங்ஸ்டன் 2017 ஆம் வருஷம் அறிவித்தது, ஆனால் அந்த விலைக்கு அதன் மூடி கூட வராது.

எப்படிச் சோதிப்பது என்றால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள், ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரர்கள் கொடுத்தது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. டிரைவ் முழுக்க ஃபைல் எழுதி நிரப்பிவிட்டு, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். நொடிக்கு 10 எம்பி எழுதும் டிரைவ் என்றால் 64 ஜிபி நிரம்பவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், திரும்பப் படிக்கும் நேரம் தனி. ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிடுங்கள். புது டிரைவில், உள்ளே ஒன்றும் இல்லாதபோதே செய்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்தால்தான் பணமும் திரும்பி வரும்.

சரி, போலி இல்லை, அசல்தான். அப்போதும் ஜனங்கள் திட்டுவது எதற்கு என்றால், வேகத்துக்கு. அட்டையில் நொடிக்கு 150 எம்பி என்று பெரிதாகப் போட்டிருப்பது படிக்கும் வேகம், எழுதும் வேகத்தைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். அதிலும் 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) என்று போட்டிருந்தால் அது யூஎஸ்பி 3 பாதையின் வேகம், அந்தப் பாதையில் போகிற வண்டியுடையது இல்லை. நாலு வழிச்சாலையில் மாட்டு வண்டியும்தான் போகிறது. காப்பி போட்டால் முதல் ஒரு ஜிபி பறக்கும், அப்புறம் நொண்ட ஆரம்பிக்கும். சின்னச் சின்ன போட்டோ ஆயிரக்கணக்கில் இருந்தால் கேட்கவே வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம்.

இன்னொரு புகார், "இடம் காலியா இருக்கு, ஆனா ஃபைல் பெருசுன்னு சொல்லுது". கல்யாண சீசனில் வாரத்துக்கு இரண்டு பேர் இதோடு வருவார்கள். ஸ்டுடியோவில் வீடியோவை 11 ஜிபிக்கு ஒரே ஃபைலாகக் கொடுத்திருப்பார்கள், டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற புது முறைக்கு ஃபார்மட் செய்தால் (உள்ளே இருப்பது அழிந்துவிடும்) ஏறிவிடும். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிவியோ காரில் இருக்கும் செட்டோ எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். ஸ்டுடியோக்காரரிடமே துண்டு துண்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலை எடுத்து வந்து, அந்த எழுத்துரு இல்லாத என் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு "பென் டிரைவ் கெட்டுப் போச்சு சார்" என்பவர்களும் உண்டு. பாவம், டிரைவ் மேல் ஒரு தப்பும் இல்லை. பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாருங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஷார்ட்கட் வைரஸ் பரவியது என்றால் அதில் என்னைப் போன்ற கடைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒருவர் டிரைவிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வரும், அங்கிருந்து அன்றைக்கு வந்த எல்லோருக்கும் போகும். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும், உண்மையான ஃபைல்கள் பெரும்பாலும் அழியாமல் மறைந்து மட்டும் இருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் வெளியே வரும். அது தெரியாமல் அவசரப்பட்டு ஃபார்மட் செய்து ஆய்வேட்டைத் தொலைத்த பிஎச்டி மாணவி ஒருத்தர் என் கடை வாசல் படியில் உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு வரும்போது வேண்டிய ஒரு ஃபைலை மட்டும் ஒரு பழைய டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள். என் கடைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்றால் உயிர். ஊர்த் திருவிழாவில் பத்து ராத்திரி நடந்த கூத்தைப் பேரன் போனில் ஒலி மட்டும் பதிவு செய்து 16 ஜிபி டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அதை யூஎஸ்பி ரேடியோவில் செருகியே வைத்து, கொல்லை மேட்டில் மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டு, வேலை செய்யும்போதெல்லாம் கேட்பாராம். ஒரு சித்திரையில் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து டிரைவை எடுத்து, துண்டில் துடைத்து நீட்டினார். "இன்னா தம்பி, நேத்து வரிக்கும் பாடிகினு இருந்தது. படுகளத்துல நின்னு போச்சு. உள்ள கீதா இல்லியா பாரு."

எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் சாதாரணம், தகரக் கொட்டகைக்குள் இன்னும் மேலே போகும். இந்த டிரைவில் தகவல் என்பது சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். சூடு ஏற ஏற அது வேகமாகக் கசியும். எடுத்து டிராயரில் போட்டு வருஷக்கணக்காகச் செருகாமல் வைத்தாலும் மெல்லக் கசியும். அது போக, பழைய டிரைவ்களில் ஒரு அறைக்கு ஒரு பிட்தான் (தகவலின் மிகச் சின்னத் துளி) வைத்தார்கள், லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்பார்கள். அப்புறம் இரண்டு, இப்போது மூன்று பிட், எழுதும் கணக்கும் ஆயிரங்களுக்கு இறங்கிவிட்டது. "என் 1 ஜிபி இன்னும் ஓடுது, போன வருஷம் வாங்கின 64 போயிடுச்சு" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். விலை குறைந்தது சும்மா குறையவில்லை.

பெரியவர் டிரைவை முதலில் எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்கவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும் எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன், அது பட்டியலைப் பார்க்காமல் ஃபைல்களின் தலைப்பு அடையாளத்தை வைத்தே தேடி எடுக்கும், பெயர் எல்லாம் போய் எண்களாக வரும். சாயங்காலம் வரை ஓடியது. பத்து ராத்திரியில் நாலு கிடைத்தது. எது எந்த ராத்திரி என்று எனக்குத் தெரியாது, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அரை நிமிஷம் கேட்டாலே சொல்லிவிடுகிறார், இது சூது, இது தபசு மரம் ஏறுவது, இது மழைக்கு நின்று போன ராத்திரி, தகரத்து மேல சத்தம் கேக்குது பாரு என்று. அந்த நாலையும் இரண்டு டிரைவில் போட்டு, ஒன்றைப் பேரனிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். பேரனின் போனில் தேடியிருந்தால் பத்தும் கிடைத்திருக்கும், ஆனால் அவன் போனை மாற்றி ஆறு மாசம் ஆகியிருந்தது.

என் கணக்கில் பென் டிரைவ் என்பது பஸ் மாதிரி, ஏறிப் போய் இறங்க வேண்டும், அதிலேயே குடித்தனம் வைக்கக் கூடாது. வைத்துக்கொள்ள வேண்டியதை ஹார்ட் டிஸ்க்கிலோ நெட்டிலோ இன்னொரு பிரதி வையுங்கள்.

வாங்கும்போது பெரிதாக ஒன்றும் பார்க்க வேண்டாம். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள், சந்தை விலையில் பாதிக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், சட்டைப் பட்டன் அளவுக்குக் குட்டியாக இருப்பதைத் தவிருங்கள், சூடும் அதிகம், கெட்டால் மீட்பதும் கஷ்டம். ஐந்து வருஷ வாரண்டி என்று பல கம்பெனிகள் தருகிறார்கள், புது டிரைவ் மாற்றியும் தருவார்கள், காலியான புது டிரைவ். உள்ளே இருந்ததற்கு வாரண்டி கிடையாது.

அப்புறம் அந்த பில். இப்போதெல்லாம் கடைகளில் கொடுப்பது சூட்டில் எழுத்து வரும் தாள், பர்ஸில் வைத்தால் ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும். வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன மாசம் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியதற்கு வாரண்டி கேட்டு எழுதித் தரச் சொல்லி என் கடைக்கு வந்தார். பில் இருக்கிறதா சார் என்றேன், பத்திரமாக நாலாக மடித்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். சுத்தமான வெள்ளைத் தாள்.