கேளுங்கள், சொல்கிறோம்: காலையில் கல்லூரி, மதியம் கடை

என் மகன் ராயபுரம் பக்கம் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு, காலை ஷிஃப்ட். மதியத்துக்கு மேல் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். என்.எஸ்.எஸ்.ஸிலும் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்திருக்கிறான். தாங்குமா?
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

மற்ற மாதங்களில் தாங்கும், தீபாவளிக்கு முந்தைய மாதம் தாங்காது. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால், தேர்வு எழுத 75 சதவீதம், அதாவது 68 நாள் வருகை வேண்டும். மிச்சம் 22 நாள்தான். காய்ச்சல், கல்யாணம், காது குத்து என்று அதில் பாதி தானாகக் கரைந்துவிடும். சீசனில் கடை சாத்தி வீடு வர நள்ளிரவாகும். மறுநாள் முதல் ஹவர் போச்சு. பல கல்லூரிகளில் ஒரு ஹவர் விட்டாலே அரை நாள் ஆப்சென்ட். இப்படித்தான் பிள்ளைகள் ‘லேக்’கில், அதாவது வருகைக் குறைவில், மாட்டுகிறார்கள், ஊர் சுற்றி அல்ல. வருகை 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டி காண்டோனேஷன், அதாவது குறையை மன்னித்துத் தேர்வு எழுத அனுமதி, கேட்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் அந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. தீபாவளியை ஒட்டியே செமஸ்டர் தேர்வும் வருவதை மறக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் ‘செவ்வாய்க்கிழமை லீவு வேண்டும்’ என்று பேசிவைப்பதிலும் பயனில்லை. கல்லூரி ஓடுவது கிழமையில் அல்ல, முதல் நாள், இரண்டாம் நாள் என்று வேலை நாட்களை வரிசையாக எண்ணும் டே ஆர்டரில். நடுவே ஒரு விடுமுறை விழுந்தால் செவ்வாய்க்கிழமை வகுப்பெல்லாம் புதன்கிழமைக்குத் தள்ளிப்போகும். மாலை 5 முதல் 7.30 வரை பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது எங்கள் கணக்கில் கடையைவிட நல்லது. பரீட்சை நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் ‘தமிழ்ப் புதல்வன்’ மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி அலுவலகத்தில் முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம். அதுபோக 7 நாள் முகாம். வகுப்பு நேரத்தில் வேலை கொடுத்தால், போவதற்கு முன்பே ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் திட்ட அலுவலர், துறைத் தலைவர் இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று விட்ட ஓ.டி. பெரும்பாலும் ஆப்சென்ட்டாகத்தான் முடிகிறது.

நாங்கள் இந்துக்கள். கல்லூரி சேப்பலுக்கு (ஜெப ஆலயம்) போகச் சொன்னால் மறுக்கலாமா?
— ஒரு மாணவி, வியாசர்பாடி

மறுக்கலாம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் யாரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. 18 வயது ஆகாதவரை வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்த நேரத்தில் பிற சமயத்தாருக்கு நன்னெறி வகுப்பு இருந்தால் அதற்குப் போய்விடுங்கள். கேன்டீனில் உட்கார்ந்தால் அது வேறு பஞ்சாயத்து.

மதியம் பெல் அடித்ததும் எல்லாரும் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். யாரிடம் பழகுவது?
— ஒரு மாணவர், எண்ணூர்

பாடகர் குழுவில் சேருங்கள். சின்னக் கல்லூரியில் டெனர், பேஸ் எனும் ஆண் குரல்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். சுதி சேர்ந்தால் போதும், சோல்ஃபா (டோ, ரே, மி எனும் மேற்கத்திய ஸ்வரங்கள்) அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சியை நவம்பர் தேர்வுக்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். தேர்வு முடிந்தபின் கும்மிடிப்பூண்டி ரயில் லைன் ஆட்களை யாராலும் ஒன்று சேர்க்க முடியாது.