சி.எஸ்.ஆர் ரசீதும் சிலுவையும்

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம்.

பெரிய வெள்ளி ஆராதனையில் எங்கள் போதகர் ஐயர் சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசினார். சிலுவைத் தியானத்தில் அரசியல் எதற்கு என்று சபைப் பெரியவர்களுக்குக் கோபம். போன மாதம் எங்கள் சபையைச் சேர்ந்த தலித் பையன் ஒருவனைச் சாதி சொல்லி அடித்தார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. உபவாசக் கூட்டம் வைத்து ஜெபித்தோம், ஒரு மூட்டை அரிசி கொடுத்தோம், மன்னிப்பதே சிலுவையின் வழி என்று அவனுக்கு எடுத்துச் சொன்னோம். அம்மா தன் மூட்டுவலிதான் தன் சிலுவை என்கிறாள். சிலுவை சுமப்பது என்றால் உண்மையில் என்ன? தவக்காலமான லெந்து நாற்பது நாளும் உபவாசம் கட்டாயமா?

வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உபவாசத்தை உங்கள் உடம்பிடம் கேளுங்கள். அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலியோடு முழங்கால் போடுகிற அந்த மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டுவலி யாருக்கும் வரும். சிலுவையை ஓர் அரசாங்கம் தீர்ப்புச் சொல்லி, ஆள் வைத்து, ஊருக்கு வெளியே நட்டது. ரோமக் குடிமகனுக்குப் பொதுவாக அந்தத் தண்டனை கிடையாது, அடிமைக்கும் கலகக்காரனுக்கும்தான். கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை ஒடுக்கியபின் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரை அறைந்தார்கள். இதைத் தொடாமல் ஐயர் மூன்று மணி நேரம் வேறென்ன பேசுவார்?

என்னை உறுத்துவது நீங்கள் 'எடுத்துச் சொன்னோம்' என்பதுதான். கொஞ்ச நாளாகவே இதை எழுத நினைத்திருந்தேன். 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்றவர் ஆணியில் தொங்கியவர். கீழே நின்ற யாரும் அவர் சார்பில் மன்னிக்கவில்லை. அடிபட்டவனுக்கு வீக்கம் வடியுமுன் மன்னிப்பைப் பாடமாக நடத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நீங்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை பேர், தெரிந்தவர்களா, கையாலா கம்பாலா, எத்தனை மணிக்கு. பயந்த பையன் 'கீழே விழுந்துட்டேன்' என்றாலோ, மூன்று பேரை இரண்டு பேர் என்றாலோ, பின்னால் குறுக்கு விசாரணையில் வழக்கு அந்த ஒரு வரியில் உடையும். 'நடந்ததைச் சொல்லுடே' என்று தோளைத் தொட அங்கே ஆள் இருந்தாரா?

அடுத்தது அந்த ரசீது. அநேகமாக அது சி.எஸ்.ஆர் ரசீதாக இருக்கும். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வழக்குப் பதிந்தால் புகார்தாரருக்கு எப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

இந்தப் பையனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி. பட்டியல் சாதி என்பதை அது இந்துக்களோடு நிறுத்தியது; 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் இன்னும் வெளியே. பெரியப்பா மகன் இந்துவாக இருந்து இதே அடியை வாங்கியிருந்தால் வன்கொடுமைச் சட்டத்தில் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், அரசு நிவாரணம் தர வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவனுக்கு இரண்டும் இல்லை. அடித்தவன் மதம் பார்த்தா அடித்தான்?

அப்படியானால் அரசு தராததைச் சபைதான் தர வேண்டும். வக்கீல் பீஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சிகளின் பஸ் காசு, அன்றைய கூலி. மிரட்டலுக்குப் பணியாத சாட்சிகூட நாலைந்து நாள் கூலி போனால் பிறழ்சாட்சி ஆகிவிடுவார். அசன விருந்துக்கு எத்தனை ஆடு என்று கணக்குப் போடுகிற கமிட்டிக்கு இந்தக் கணக்கு வராதா? விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக நிலம் வாங்கி 1799-இல் முதலூர் என்ற ஊர் உண்டானது. மிஷனரி ரேனியஸ் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கமும் அப்படி வந்தவர்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கத்தான். அந்த மனைகளில் வளர்ந்த திருநெல்வேலிச் சபை இன்று ஒரு மூட்டை அரிசியோடு வீட்டுக்குத் திரும்புகிறது!

ரசீதை எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர் என்றிருந்தால் அதே புகாரை எழுதி எஸ்.பி.க்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. கையெழுத்து பையனுடையது போதும், ஆனால் தபால் ஆபீசுக்கு அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். ஐயரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்ட பெரியவர்களில் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.