ஊதாத் தண்டுத் தக்காளி ‘ஏஏ’வா, ‘ஏஎ’யா?

வணக்கம். தண்டையார்பேட்டை மாடியில் உங்கள் ஊதாத் தண்டுத் தக்காளியை இன்னொரு ஊதாத் தண்டுச் செடியோடு கலந்து, முளைத்த ஆறு நாற்றும் ஊதா என்பதால் அது தூய வகைதான் (‘ஏஏ’, அதாவது தண்டு நிறத்துக்கான இரண்டு மரபணுவும் ஊதா) என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஊதா ஓங்கிய பண்பு, இரண்டு மரபணுவில் ஒன்று ஊதாவாக இருந்தாலே தண்டு ஊதாவாகத் தெரியும். இரண்டில் ஒன்று தூய வகையாக இருந்தாலே எல்லா நாற்றும் ஊதாவாகத்தான் வரும்.

பச்சைத் தண்டுச் செடியோடு கலந்து பாருங்கள். அதில் ஒடுங்கிய மரபணு (ஊதாவோடு சேர்ந்தால் மறைந்துபோகும் பச்சை) மட்டுமே இருப்பதால் உங்கள் செடி மறைத்து வைத்திருப்பது வெளியே வந்துவிடும். ஒரு பச்சை நாற்று முளைத்தாலும் உங்கள் செடி கலப்பு வகை (‘ஏஎ’, அதாவது ஊதா ஒன்று, பச்சை ஒன்று). கலப்பு வகை என்றால் ஒவ்வொரு நாற்றும் ஊதாவாக வரப் பாதி வாய்ப்புதான்; அதனால் பத்து நாற்று முளைத்துப் பத்தும் ஊதா என்றால், கலப்பு வகையாக இருந்து நம்மை ஏமாற்ற 1024-இல் ஒரு வாய்ப்புதான்.

ஊதாச் செடியையே தாயாக வையுங்கள். மொட்டு விரியும் முன் மகரந்தப் பைகளை நீக்கி, பச்சைச் செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். பச்சைச் செடி தாயாக இருந்து தன்மகரந்தம் பட்டுவிட்டால், பொய்யாகப் பச்சை நாற்று வரும்.

அப்புறம், இதை மார்கழி, தை மாதங்களில் செய்யுங்கள். நம்ம ஊர் கோடை இரவில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். காய்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், முளைத்த சில நாளில் இளந்தண்டிலேயே நிறம் தெரியும்.